பாரிஸிலிருந்து ஒரு நாள் வாடகைக் காரில்: சேன் நதிக்கரை ஊர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பாரிஸுக்குள் சுற்றுவதற்குக் கார் வேண்டியதில்லை. மெட்ரோவும் ஆர்.இ.ஆர். ரயிலும் பஸ்ஸும் எல்லாப் பக்கமும் போகின்றன. வெர்சாய் அரண்மனை, ஃபோந்தேன்ப்ளோ, டிஸ்னிலேண்ட் எல்லாவற்றுக்கும் ரயில் உண்டு. அந்த இடங்களுக்குக் கார் எடுப்பது பணத்துக்கும் கேடு, நேரத்துக்கும் கேடு.

பிறகு கார் எதற்கு? பாரிஸுக்கும் ரூவான் நகரத்துக்கும் நடுவே சேன் நதி பெரிய பெரிய வளைவுகளாகப் போகிறது. ரயில் பாதை அந்த வளைவுகளை நேராக வெட்டிக்கொண்டு போய்விட்டது. வெத்தேய், லா ரோஷ்-கியோன், லே ஸாந்தெலி போன்ற ஊர்கள் ஆற்றோடு தங்கிவிட்டன. வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை ஒரு பக்கம், ஆறு ஒரு பக்கம், நடுவில் ஒற்றைச் சாலை. இந்தக் கரையை முழுசாகப் பார்க்கக் கார்தான் வழி. பாரிஸில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்து தங்கியிருப்பவர்களுக்கும், சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ சுற்றுலா வந்தவர்களுக்கும், ஒரு நாளை இப்படிச் செலவழிக்க என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் தூரத்தை முடிவு செய்யுங்கள்

ஒரு நாள் பயணத்தில் போக, வர எல்லாம் சேர்த்து 250 கி.மீ. தாண்டக்கூடாது என்பது என் கருத்து. காரில் உட்காரும் நேரம் நாலு மணி நேரத்துக்குள் இருக்கட்டும். வரைபடத்தில் பார்த்தால் மோன்-சேன்-மிஷேல் கூடக் கிட்ட இருப்பதுபோலத்தான் தெரியும். உண்மையில் அது ஒரு வழிக்கே சுமார் 350 கி.மீ. காலையில் கிளம்பினால் மதியம் போய்ச் சேர்ந்து, மூன்று மணி நேரம் பார்த்துவிட்டு, இருட்டில் களைப்போடு திரும்ப வேண்டும். ஓட்டுகிறவருக்கு அது ஊர் பார்த்த நாளாக இருக்காது.

எத்ரெத்தா கடற்கரைப் பாறைகளை எல்லோரும் கேட்பார்கள். அது பாரிஸிலிருந்து ஒரு வழிக்கு ஏறத்தாழ 200 கி.மீ. அங்கே போகத்தான் ஆசை என்றால் பாரிஸில் கார் எடுக்காதீர்கள். சேன்-லஸார் நிலையத்தில் ரயில் ஏறி லு ஹாவ்ர் போய், அங்கே காரை எடுங்கள். அங்கிருந்து எத்ரெத்தா 30 கி.மீ.-க்குள். களைப்பான நெடுஞ்சாலைப் பகுதியை ரயில் பார்த்துக்கொள்ளும். அழகான பகுதி மட்டும் உங்கள் கையில் இருக்கும். இதே யோசனை ஐரோப்பாவின் எந்தப் பெரிய நகரத்துக்கும் பொருந்தும்.

இந்த வழிகாட்டியில் நான் எடுத்துக்கொள்வது பாரிஸ், ஜிவெர்னி, வெர்னோன், லே ஸாந்தெலி, லா ரோஷ்-கியோன், மறுபடி பாரிஸ் என்ற வட்டம். மொத்தம் 220 கி.மீ. அளவுக்கு வரும்.

லைசென்ஸ்: ஊரில் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை

பிரான்ஸுக்குச் சுற்றிப் பார்க்க வருபவர்கள் தங்கள் நாட்டு லைசென்ஸை வைத்து ஓட்டலாம். ஆனால் அது பிரெஞ்சில் இருக்க வேண்டும், அல்லது அதிகாரபூர்வ மொழிபெயர்ப்போ சர்வதேச ஓட்டுநர் அனுமதியோ கூட இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இந்த அனுமதியை ஆர்.டி.ஓ. அலுவலகம் தருகிறது. பரிவாஹன் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். கட்டணம் 1,000 ரூபாய், ஒரு வருடம் செல்லும். இலங்கையில் கொழும்பில் உள்ள ஆட்டோமொபைல் அசோசியேஷன் தருகிறது. வெளிநாடு வந்த பிறகு இதை வாங்க முடியாது என்று நினைத்துக்கொண்டு, விசா வேலையோடு சேர்த்தே முடித்துவிடுங்கள்.

அந்த அனுமதிப் புத்தகம் தனியாகச் செல்லாது. அசல் லைசென்ஸ் அட்டையும் கையில் இருக்க வேண்டும். போனில் இருக்கும் டிஜிலாக்கர் நகலைக் கவுன்டரில் ஏற்றுக்கொள்வார்கள் என்று நம்பிப் போகாதீர்கள். லைசென்ஸ் எடுத்துக் குறைந்தது ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும் என்று பெரும்பாலான நிறுவனங்கள் கேட்கும். வயது 21 ஆனாலும் 25-க்குக் கீழே இருந்தால் கூடுதல் கட்டணம் கேட்பது வழக்கம்.

கிரெடிட் கார்டும் பெயரும்

நம்மவர்கள் கவுன்டரில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். கார் எடுக்கும்போது டெபாசிட்டுக்காக ஒரு தொகையைக் கார்டில் முடக்கி வைப்பார்கள். அது பல நூறு யூரோவாக இருக்கும், ஆயிரத்தைத் தாண்டவும் செய்யும். இதற்கு நிஜமான கிரெடிட் கார்டு வேண்டும். டெபிட் கார்டையும், இந்தியாவிலிருந்து பணம் ஏற்றிக்கொண்டு வரும் ஃபாரெக்ஸ் கார்டையும் பல இடங்களில் ஏற்கமாட்டார்கள். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா, வரம்பு போதுமா, பின் நம்பர் நினைவில் இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ஆன்லைனில் முழு வாடகையும் கட்டியிருந்தாலும் டெபாசிட் தனி. கார்டு சரியில்லை என்று கார் கொடுக்காமல் அனுப்பிவிட்டால், கட்டிய வாடகை திரும்பக் கிடைப்பதும் நிச்சயமில்லை.

கார்டு ஓட்டுகிறவர் பெயரிலேயே இருக்க வேண்டும். கணவர் கார்டில் மனைவி ஓட்டுவது, அப்பா கார்டில் மகன் ஓட்டுவது எல்லாம் கவுன்டரில் நடக்காது.

அடுத்து இன்ஷியல் விஷயம். நம் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். லைசென்ஸில் வெறும் இன்ஷியல் இருக்கும். கார்டில் அதுவும் இல்லாமல் ஒற்றைப் பெயர் இருக்கும். நமக்கு மூன்றும் ஒரே ஆள். கவுன்டரில் இருப்பவருக்கு மூன்று ஆட்கள். முன்பதிவைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே செய்யுங்கள். சர்வதேச அனுமதி எடுக்கும்போதும் பாஸ்போர்ட் பெயரே வரும்படி பாருங்கள். அது இருந்தால் லைசென்ஸ் இன்ஷியலையும் பாஸ்போர்ட் பெயரையும் ஒன்றோடொன்று பொருத்திக் காட்டிவிடலாம்.

இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டப்போகிறீர்கள் என்றால் இரண்டு பேரையும் ஒப்பந்தத்தில் எழுத வைக்க வேண்டும். இரண்டாவது ஆளுக்குக் கட்டணம் உண்டு. அதை மிச்சப்படுத்தப் பார்க்காதீர்கள். ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டி விபத்து நடந்தால் காப்பீடு கைவிட்டுவிடும். "அண்ணன் பாரிஸில் பத்து வருஷமா ஓட்டுறவர்தானே" என்பது காப்பீட்டுக்காரரிடம் செல்லாது.

எங்கே எடுப்பது, எப்போது எடுப்பது

பாரிஸின் நடுவில் உள்ள பெரிய ரயில் நிலையங்களில் வாடகைக் கார் கவுன்டர்கள் இருக்கின்றன. காரோ பல மாடி ஆழத்தில், குறுகிய சரிவுப் பாதைக்குக் கீழே நிற்கும். அங்கிருந்து வெளியே வந்ததும் சைக்கிள்கள், பஸ் தடங்கள், 30 கி.மீ. வேக வரம்பு. 2021 ஆகஸ்ட் முதல் நகரத்தின் பெரும்பாலான தெருக்களில் வரம்பு 30தான். 2024 நவம்பரிலிருந்து நகர மையத்தில் உள்ள முதல் நான்கு வட்டாரங்களைச் சும்மா கடந்து போவதற்கும் தடை இருக்கிறது. வலது பக்கம் ஓட்டிப் பழகாத ஒருவர் முதல் அரை மணி நேரத்தை இங்கே கழிக்க வேண்டாம் என்பேன்.

நகரத்தின் மேற்கு விளிம்பில் எடுங்கள். லா தெஃபான்ஸ் பகுதிக்கு மெட்ரோ 1-ஆம் வழியும் ஆர்.இ.ஆர். ஏ-யும் போகின்றன. வெர்சாய்க்கும் ரயில் இருக்கிறது. அரை மணி நேரம் ரயிலில் போனால் நகர நெரிசல் முழுதும் பின்னால் போய்விடும். விமான நிலையத்தில் எடுத்தால் கார்கள் நிறைய இருக்கும், நேரமும் தாராளம். ஆனால் கூடுதல் கட்டணம் சேரும், ரோய்ஸி (சார்ல்ஸ் தெ கோல்) விமான நிலையத்திலிருந்து மேற்கே வர ஒரு மணி நேரம் வீணாகும்.

கிளை திறக்கும் நேரத்தை நன்றாகப் பாருங்கள். ஊருக்குள் இருக்கும் சிறு கிளைகள் ஞாயிறு பூட்டியிருக்கும், மதிய உணவுக்கும் மூடுவார்கள், சனிக்கிழமை சீக்கிரம் அடைத்துவிடுவார்கள். சனி காலை எடுத்து அன்று மாலையே கொடுக்கலாம் என்று திட்டமிட்டால், மாலை ஐந்து மணிக்கு ஷட்டர் இறங்கியிருக்கலாம். வாடகையின் ஒரு நாள் என்பது 24 மணி நேரம் என்பதால், முதல் நாள் மாலை எடுத்து மறுநாள் மாலை கொடுப்பது ஒரு வழி. இரவு நிறுத்தப் பாதுகாப்பான இடம் இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். புறநகரில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருப்பவர்களுக்கு இது மிகவும் வசதி. விடுமுறையில் வேலை நாளையே தேர்ந்தெடுக்க முடிந்தால் அதற்கு ஈடு இல்லை: கிளைகள் திறந்திருக்கும், சாலையும் வெறிச்சோடி இருக்கும்.

எந்தக் கார்

நாலு பேருக்குச் சிறிய கார் போதும். கிராமங்களில் தெருக்கள் ஒடுக்கம். பெரிய வண்டி எடுத்தால் மூலைக்கு மூலை பயம்தான்.

பிரான்ஸில் கியர் வண்டிகள்தான் மலிவு. ஆனால் வலது பக்கச் சாலை புதிது, இடது பக்க இருக்கை புதிது, கியரை வலது கையால் போடுவதும் புதிது என்றால் மூன்றையும் ஒரே நாளில் பழக வேண்டாம். ஆட்டோமேட்டிக் எடுத்துவிடுங்கள். கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்கு அது தகும். முன்பதிவுப் பக்கத்தில் ஒவ்வொரு காருக்கும் நான்கு எழுத்துக் குறியீடு ஒன்று இருக்கும். முதல் எழுத்து அளவைச் சொல்லும். மூன்றாவது எழுத்து எம் என்றால் கியர், ஏ என்றால் ஆட்டோமேட்டிக். படத்தில் இருக்கும் கார் வராது, 'அதற்கு இணையான' ஒன்றுதான் வரும். இந்த மூன்றாவது எழுத்துதான் உங்களுக்கு உறுதி.

பத்து வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் அதன் உயரத்துக்கு ஏற்ற இருக்கை சட்டப்படி கட்டாயம். மடியில் வைத்துக்கொள்ளலாம் என்ற பேச்சே கிடையாது. முன்பதிவின்போதே கேளுங்கள், அல்லது சொந்தக்காரரிடம் இரவல் வாங்குங்கள்.

காப்பீட்டைப் புரிந்துகொண்டு கையெழுத்திடுங்கள்

மற்றவர்களுக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு வாடகையிலேயே சேர்ந்துவிடும். காருக்கு ஏற்படும் சேதத்துக்கும் பெரும்பாலும் ஒரு அடிப்படைக் காப்பீடு இருக்கும். ஆனால் முதல் ஒரு தொகை வரை உங்கள் பொறுப்பு. பிரெஞ்சில் இதை ஃபிரான்ஷீஸ் என்பார்கள். சின்னக் காருக்கும் இது ஆயிரம் யூரோவை எளிதில் தொடும். டயர், கண்ணாடி, அடிப்பாகம் இவற்றைச் சாதாரணக் காப்பீடு பெரும்பாலும் விட்டுவிடும்.

இந்தத் தொகையைக் குறைக்க வழிகள் உண்டு. கவுன்டரிலேயே முழுக் காப்பீடு வாங்கலாம்: விலை அதிகம், ஆனால் கீறல் விழுந்தால் சாவியைக் கொடுத்துவிட்டு நடந்துவிடலாம். தனி நிறுவனத்திடம் ஃபிரான்ஷீஸுக்கு மட்டும் காப்பீடு எடுத்தால் மலிவு. ஆனால் முதலில் உங்கள் கார்டிலிருந்து பணம் போகும், பிறகு ரசீதுகளை அனுப்பித் திரும்ப வாங்க வேண்டும். சில கிரெடிட் கார்டுகளே இந்தப் பாதுகாப்பைத் தருகின்றன. கார்டு எந்த நாட்டில் கொடுக்கப்பட்டது, பயணம் எத்தனை நாள் என்ற நிபந்தனைகளைப் படித்துவிட்டு நம்புங்கள். முதல் முறை வலது பக்கம் ஓட்டுகிறவர், ஒரே ஒரு நாளுக்கு என்றால், கவுன்டர் காப்பீட்டை வாங்கிவிட்டு நிம்மதியாகப் போகலாம் என்பதே என் யோசனை. பத்து நாள் பயணம் என்றால் நானே வேறு மாதிரி சொல்வேன்.

சாவி வாங்கும் பத்து நிமிடம்

அவசரப்படாதீர்கள். காரைச் சுற்றி ஒரு வீடியோ எடுங்கள். நாலு சக்கரத்தின் ரிம், முன் பம்பரின் கீழ் விளிம்பு, முன் கண்ணாடியில் கல் தெறித்த புள்ளி, பக்கக் கண்ணாடிகளின் வெளிப்புறம், கூரை, எல்லாம் அதில் வர வேண்டும். பெட்ரோல் முள்ளையும் ஓடிய கி.மீ. எண்ணையும் சேர்த்து எடுங்கள். நிலவறையில் வெளிச்சம் போதவில்லை என்றால் போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். தாளில் குறிக்காத கீறல் கண்ணில் பட்டால், கிளம்பும் முன் எழுத வையுங்கள். ஊழியர் "சின்னதுதான், பரவாயில்லை" என்றாலும் எழுதித்தான் ஆக வேண்டும். மாலையில் காரை வாங்குபவர் வேறு ஆளாக இருப்பார்.

காருக்குள் மஞ்சள் ஒளிரும் சட்டையும் எச்சரிக்கை முக்கோணமும் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் 135 யூரோ அபராதம். சட்டை டிக்கியில் இருக்கக்கூடாது, கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். வண்டி நின்றால் இறங்கும் முன் அதைப் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும். முன் கண்ணாடியில் கிரிட்-ஏர் என்ற வட்ட மாசுக் குறி ஒட்டியிருக்கிறதா, பெட்ரோல் மூடிக்குள் என்ன எரிபொருள் என்று எழுதியிருக்கிறது, இரண்டையும் பாருங்கள்.

பிறகு இருக்கை, கண்ணாடிகள், போன் இணைப்பு, வழிகாட்டும் வரைபடம் எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே சரிசெய்யுங்கள். வரைபடத்தில் 'டோல் சாலை வேண்டாம்' என்பதையும் இப்போதே தேர்ந்தெடுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

வலது பக்கம் ஓட்டுவது

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இங்கிலாந்திலும் ஓட்டிப் பழகியவர்களுக்கு ஒரே ஒரு விதி போதும்: ஓட்டுகிற நீங்கள் எப்போதும் சாலையின் நடுக்கோட்டுப் பக்கம் இருக்க வேண்டும். ஊரில் அப்படித்தான் உட்கார்ந்திருப்பீர்கள், இங்கேயும் அப்படித்தான். உங்கள் தோள் ஓரத்துக் கால்வாய்ப் பக்கம் போனால் தவறான பக்கத்தில் இருக்கிறீர்கள்.

நெரிசலான சாலையில் தவறு வராது. முன்னால் போகும் கார் காட்டிக்கொடுக்கும். ஆள் இல்லாத கிராமச் சாலையில், பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும்போது, மதியச் சாப்பாடு முடித்துக் கிளம்பும்போது, அப்போதுதான் பழைய பழக்கம் தலைதூக்கும். அந்தச் சமயங்களில் பக்கத்தில் இருப்பவர் "வலது" என்று ஒரு வார்த்தை சத்தமாகச் சொல்லட்டும். இண்டிகேட்டர் இங்கே இடது கையில். திரும்பும்போது வைப்பர் ஓடினால் பதறாதீர்கள், ஒரு மணி நேரத்தில் கை பழகிவிடும். வலது பக்க உடலின் அகலம்தான் கடைசியாகப் பிடிபடும். நிறுத்திய கார்களை ஒட்டிப் போகும்போது கொஞ்சம் இடது பக்கமாகவே போங்கள்.

ரவுண்டானாவில் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் சுற்ற வேண்டும். உள்ளே சுற்றிக்கொண்டு உங்கள் இடமிருந்து வருபவருக்கு வழிவிட்டு நுழையுங்கள். வெளியேறும் சாலை எதுவென்று தெரியவில்லையா, இன்னொரு சுற்று சுற்றுங்கள். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

பிரான்ஸில் தெரிந்துகொள்ள வேண்டிய விதி ஒன்று இருக்கிறது: பிரியோரிதே ஆ துருவாத், அதாவது வலப்பக்கத்துக்கு முன்னுரிமை. குறியீடு எதுவும் இல்லாத சந்திப்பில், வலது பக்கச் சின்னச் சந்திலிருந்து வரும் காருக்கு நீங்கள் வழிவிட வேண்டும். நீங்கள் போவது பெரிய சாலையாகத் தெரிந்தாலும் அப்படித்தான். கிராமங்களுக்குள் இது நிறைய வரும். மஞ்சள் சாய்சதுரப் பலகை இருந்தால் முன்னுரிமை உங்களுக்கு. அதே பலகையைக் குறுக்காக அடித்திருந்தால் அது முடிந்தது. பாரிஸைச் சுற்றும் 35 கி.மீ. பெரிஃபெரிக் சாலையிலும் இதே விதிதான்: வலது பக்கம் நுழைபவருக்கே முன்னுரிமை, உள்ளே ஓடுபவர் இடம்விட வேண்டும். அங்கே 2024 அக்டோபர் முதல் வேக வரம்பு 50. இடது ஓரத் தடத்தின் மேல் வெள்ளைச் சாய்சதுரம் எரிந்தால், தனியாக ஓட்டுபவர் அந்தத் தடத்தில் போகக்கூடாது.

வேகம்: நெடுஞ்சாலை 130, மழையில் 110. நடுவில் தடுப்பில்லாத வெளியூர்ச் சாலைகள் 80. சில இடங்களில் பலகை 90 என்று சொல்லும். ஊருக்குள் 50. இங்கே கவனியுங்கள், ஊர் தொடங்கும் இடத்தில் '50' என்று பலகை இருக்காது. சிவப்பு விளிம்போடு ஊரின் பெயர்ப் பலகை நிற்கும். அதுதான் 50-க்கான அறிவிப்பு. பெயரின் மேல் சிவப்புக் கோடு போட்ட பலகை வந்தால் ஊர் முடிந்தது. கேமராக்கள் நிறைய உண்டு. ஊருக்குள் 20 கி.மீ.-க்குக் குறைவாக மீறினாலும் அபராதம் 135 யூரோ. வெளியே அதே மீறலுக்கு 68. அபராதச் சீட்டு முதலில் கார் நிறுவனத்துக்குப் போகும். அவர்கள் உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டு, அதற்கென்று தனியாக ஒரு கட்டணத்தையும் கார்டில் பிடிப்பார்கள்.

சிக்னல் விளக்கு சந்திப்புக்கு முன்னால்தான் இருக்கும், எதிர்ப்புறம் இருக்காது. கோட்டைத் தாண்டி நின்றால் விளக்கே தெரியாது. போனைக் கையில் பிடித்தாலும் காதில் ஒயர் மாட்டியிருந்தாலும் 135 யூரோ. மது வரம்பு ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம், ஓட்டுகிறவர் அன்று குடிக்கவே வேண்டாம்.

டோல்: தடுப்பு இல்லாத சாலை

நார்மண்டிக்குப் போகும் ஏ13 நெடுஞ்சாலையில் 2024 முதல் டோல் கேட்டுகளை எடுத்துவிட்டார்கள். ஏ14-இலும் அப்படியே. மேலே ஒரு வளைவு இருக்கும், கேமரா நம்பர் பிளேட்டைப் படித்துக்கொள்ளும், நீங்கள் நிற்காமலே போய்விடுவீர்கள். பணம் கட்ட வேண்டும் என்று அங்கே யாரும் உங்களை நிறுத்திச் சொல்ல மாட்டார்கள். 72 மணி நேரத்துக்குள், நெடுஞ்சாலையை நடத்தும் சனெஃப் நிறுவனத்தின் இணையதளத்தில் கார் எண்ணைக் கொடுத்துக் கட்ட வேண்டும். தவறினால் 90 யூரோ அபராதம். நோட்டீஸ் வந்து 15 நாளுக்குள் கட்டினால் அது 10 யூரோவாகக் குறையும். இரண்டு மாதம் விட்டால் 375. வாடகைக் காரில் நோட்டீஸ் கார் நிறுவனம் வழியாகச் சுற்றி வருவதால் அந்தச் சலுகை நாட்கள் கையில் நிற்காது. அவர்களின் நிர்வாகக் கட்டணம் வேறு.

அந்த வழியில் போனால் வீட்டுக்கு வந்த இரவே கட்டிவிடுங்கள், ரசீதைச் சேமியுங்கள். நம் வட்டத்துக்கு டோல் தேவையே இல்லை. ஏ13 மாந்த் ஊர் வரை இலவசம். அங்கே இறங்கி ஆற்றோரச் சாலையில் போனியேர் வழியாக ஜிவெர்னிக்குப் போகலாம். திரும்பும்போது செர்ஜி வழியாக வரும் ஏ15 முழுதும் இலவசம். லா தெஃபான்ஸில் கார் எடுத்தால் வரைபடம் உங்களை ஏ14-க்குத் தள்ளப் பார்க்கும். அதற்காகத்தான் 'டோல் வேண்டாம்' என்று முன்பே தேர்ந்தெடுக்கச் சொன்னேன்.

அந்த ஒரு நாள்

காலை எட்டு மணிக்குச் சாவி கையில் இருந்தால் நல்லது. ஜிவெர்னிக்கு ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஓவியர் கிளோட் மோனே 1883 முதல் 1926-இல் இறக்கும்வரை வாழ்ந்த வீடும் தோட்டமும் ஏப்ரல் 1 முதல் நவம்பர் 1 வரை திறந்திருக்கும், காலை 9:30-க்குத் திறப்பார்கள். டிக்கெட்டை ஆன்லைனில் எடுத்து, திறக்கும்போதே உள்ளே போய்விடுங்கள். நேராக அல்லிக்குளத்துக்குப் போங்கள். சாலைக்கு அடியில் ஒரு சுரங்கப் பாதை அங்கே கொண்டுவிடும். பாரிஸிலிருந்து வரும் சுற்றுலா பஸ்கள் சேரும் முன் அந்தப் பச்சைப் பாலத்தை அமைதியாகப் பார்த்துவிடலாம். வீட்டைப் பிறகு பாருங்கள். கிராமத்துத் தேவாலயத்தின் பக்கத்தில் மோனேயின் கல்லறை இருக்கிறது. பலரும் அங்கே போகாமலே திரும்பிவிடுகிறார்கள்.

நிறுத்துமிடத்தில் காரை விட்டுப் போகும்போது கண்ணில் படும்படி பையோ போனோ இருக்கக்கூடாது. டிக்கியில் வைப்பதாக இருந்தால் முந்தைய இடத்திலேயே வைத்துவிடுங்கள். வந்து நிறுத்திய இடத்தில் டிக்கியைத் திறந்து பையை வைத்தால் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். சில ஊர்களில் நீலக்கோடு போட்ட இடங்கள் இருக்கும். அங்கே காசு இல்லை, ஆனால் வந்த நேரத்தைக் காட்டும் அட்டை வட்டு ஒன்றைக் கண்ணாடிக்குப் பின் வைக்க வேண்டும். புகையிலைக் கடைகளில் கிடைக்கும்.

மதியம் வெர்னோன். உடைந்த பழைய பாலத்தின் தூண்கள் மேல் ஒரு மர வீடு தொங்குவதுபோல் நிற்கும், பழைய மாவு ஆலை அது. சாப்பாட்டு நேரத்தில் கண்டிப்பாக இருங்கள்: சின்ன ஊர்களில் சமையலறை 12 மணிக்குத் திறந்து 2 மணிக்கு மூடிவிடும். மூன்று மணிக்குப் போனால் காபிதான். சைவம் சாப்பிடுபவர்கள் காலையிலேயே புளியோதரையோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு வருவதுதான் உத்தமம். ஆற்றங்கரையில் உட்கார்ந்து சாப்பிட இடத்துக்குக் குறைவில்லை.

அங்கிருந்து டி313 சாலை ஆற்றின் வலது கரையோடு லே ஸாந்தெலிக்குப் போகிறது, சுமார் 25 கி.மீ. அவசரமே வேண்டாம், இந்தச் சாலைக்காகத்தான் கார் எடுத்தோம். ஊருக்கு மேலே பாறை உச்சியில் ஷாத்தோ கையார் கோட்டை சிதைந்து நிற்கிறது. இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்ட், நார்மண்டியைப் பிரெஞ்சு மன்னரிடமிருந்து காக்க 1196-இல் தொடங்கி இரண்டே ஆண்டில் கட்டி முடித்தார். அவர் இறந்த பிறகு 1204-இல் இரண்டாம் பிலிப் நீண்ட முற்றுகைக்குப் பின் பிடித்தார்; நார்மண்டியும் அதோடு பிரான்ஸ் கைக்கு வந்தது. மேலே வரை கார் போகும். மேல் நிறுத்துமிடத்திலிருந்து பார்த்தால் கோட்டை முன்னால், சேன் நதியின் முழு வளைவும் கீழே. இந்த நாளில் ஒரே ஓர் இடத்தில்தான் நிற்க முடியும் என்றால் நான் இங்கேதான் நிற்பேன்.

நாலரை மணிக்குக் கிளம்பி லா ரோஷ்-கியோன். பாறையைக் குடைந்தும் பாறையோடு ஒட்டியும் கட்டிய கோட்டை அது. 1944-இல் ஜெர்மானியத் தளபதி ரோமல் இதைத்தான் தலைமையிடமாக வைத்திருந்தார். உள்ளே போக விரும்பினால் மூடும் நேரத்தை முன்கூட்டிப் பாருங்கள். வெளியிலிருந்து பார்த்தாலே பாதி நிறைவு. அங்கிருந்து வெத்தேய் போகும் சாலையில் ஓத்-ஈல் என்ற சிற்றூரில் தேவாலயமே பாறைக்குள் குடைந்தது. வெத்தேய் வந்ததும் ஆற்றைத் திரும்பிப் பாருங்கள். ஜிவெர்னிக்கு வரும் முன் மோனே இங்கே இருந்தார், இந்தத் தேவாலயத்தைப் பலமுறை வரைந்தார். பிறகு வயல்களின் நடுவே ஏ15-ஐப் பிடித்தால் பாரிஸ்.

ஞாயிறு மாலை நாலு முதல் எட்டு வரை பாரிஸுக்குள் வரும் எல்லாச் சாலையும் அடைக்கும். ஏ13-இல் சேன்-க்ளூ சுரங்கம்தான் மோசம். பீஸோன் ஃபுத்தே என்ற அரசு இணையதளம் ஒவ்வொரு நாளையும் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என்று நிறம் பிரித்துச் சொல்லும். சிவப்பும் கறுப்பும் உள்ள நாளில் இந்தப் பயணத்தை வைக்காதீர்கள்.

ஏதாவது நடந்தால்

அவசர எண் 112. நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் சட்டையைப் போட்டுக்கொண்டு எல்லோரும் வலது பக்கமாக இறங்கித் தடுப்புக்கு அப்பால் போய் நில்லுங்கள். ஆரஞ்சு நிற அவசரப் போனில் பேசுங்கள். இடித்துக்கொண்டால் காரில் இருக்கும் கோன்ஸ்தா என்ற விபத்துப் படிவத்தை இரண்டு ஓட்டுநர்களும் சேர்ந்து நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். புரியாத வரியில் கையெழுத்து வேண்டாம். தெரிந்தவரைப் போனில் பிடித்து மொழிபெயர்க்கச் சொல்லுங்கள், படங்கள் எடுங்கள், கார் நிறுவனத்தைக் கூப்பிடுங்கள்.

பெட்ரோல் போட்டுத் திரும்பக் கொடுப்பது

முழு டேங்கோடு வாங்கி முழு டேங்கோடு கொடுக்கும் ஒப்பந்தத்தையே எடுங்கள். 220 கி.மீ.-க்குச் சிறிய கார் 13, 14 லிட்டர் குடிக்கும்; லிட்டர் 1.75 யூரோ என்று வைத்தால் 25 யூரோவுக்குள் முடிந்துவிடும். பெட்ரோல் என்பது எஸ்.பி.95-இ10 அல்லது எஸ்.பி.98. டீசலுக்கு கஸோல் என்று எழுதியிருக்கும். அந்தப் பெயரைப் பார்த்து பெட்ரோல் என்று நினைப்பவர்கள் உண்டு, கவனம். இ85 மலிவாக இருக்கும், அது வேறு, தொடாதீர்கள். நெடுஞ்சாலைப் பங்குகளில் விலை அதிகம்; சூப்பர்மார்க்கெட்டை ஒட்டிய பங்குகளில் குறைவு. ஆள் இல்லாத நேரத்தில் அங்கே இயந்திரம்தான், அது சில வெளிநாட்டுக் கார்டுகளை ஏற்காது. அதனால் செர்ஜி பக்கம் ஆள் இருக்கும் பங்கிலேயே நிரப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

கிளை மூடும் முன் போய்ச் சேர்ந்து, ஊழியர் முன்னிலையில் காரைக் காட்டிக் கையெழுத்து வாங்குவதுதான் பத்திரம். மூடிய பிறகு சாவிப் பெட்டியில் போட்டால், மறுநாள் அவர்கள் திறந்து பார்க்கும்வரை கார் உங்கள் பொறுப்பு. வேறு வழியில்லாமல் அப்படிக் கொடுத்தால், காலையில் எடுத்த அதே கோணங்களில் மறுபடி வீடியோ எடுத்து, பெட்ரோல் முள்ளையும் கி.மீ. எண்ணையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். டாஷ்போர்டிலும் இருக்கைக்கு அடியிலும் ஒருமுறை தடவிப் பாருங்கள். போனோடு கார் இணைந்திருந்தால் உங்கள் தொடர்பு எண்களையும் போன வழிகளையும் அதிலிருந்து அழித்துவிடுங்கள்.

முடக்கிய டெபாசிட் விடுபடச் சில நாட்கள் ஆகும். வங்கியைப் பொறுத்து இரண்டு வாரம்கூட ஆகலாம். இறுதி ரசீது மின்னஞ்சலில் வந்ததும் வரி வரியாகப் பாருங்கள். புரியாத கட்டணம் இருந்தால் அன்றே எழுத்தில் கேளுங்கள், வீடியோவை இணைத்து அனுப்புங்கள். வேக அபராதமும் டோல் நோட்டீஸும் சில மாதம் கழித்துக்கூட வரும். ஒப்பந்தம், ரசீதுகள், இரண்டு வீடியோக்கள், இவற்றை ஒரு வருடமாவது அழிக்காமல் வைத்திருங்கள்.